முத்திரை இல்லாத யானை

இல்லை, அது சுத்தப் பொய். தங்கப்பொண்ணு புருஷனோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகவில்லை. அவள் பெட்டியோடு படியிறங்கியதைக் கனகலட்சுமி பார்த்தாள் என்றால் பார்த்திருக்கட்டும். எதிர்வீட்டுக்காரி, பார்க்காமல் இருப்பாளா. ஆனால் அவள் பார்த்தது ஆழாக்கு, தெருவில் அளந்தது மரக்கால். பெட்டி தூக்கிய பொம்பளையெல்லாம் வாழாவெட்டியா? குழாயடியில் ஒருத்தி, "கட்சிச் சண்டையில குடும்பம் ரெண்டாப் போச்சு" என்கிறாள். இன்னொருத்தி, "தம்பி கட்சிக்குத் தாவிட்டா, அதான் புருஷன் துரத்திட்டான்" என்கிறாள். மூன்றாவது ஒருத்தி, அதிகாரி வந்து வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டதாகவே முடித்துவிட்டாள். அதிகாரி வந்தது நிஜம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வந்தார். வந்தவர் எதைப் பார்த்தார், என்ன எழுதினார் என்று இவர்களில் ஒருத்திக்காவது தெரியுமா? நடந்தது நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆத்தா முன்னால் நிரை பிடித்துப் போக, பின்னாலேயே இவள் விடுபட்ட சுளைகளை எடுத்து மடியில் போடுவாள். பஞ்சைக் கையில் வாங்கினால் போதும், உள்ளே கொட்டை இருக்கிறதா, சருகு இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். எட்டாவதோடு படிப்பு நின்றது. சிவபாண்டியைக் கட்டிக்கொண்டு மதுரை திருநகர்ப் பக்கம் குடிவந்தாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டினான், மிச்ச நேரத்தில் கட்சி வளர்த்தான். இவள் நைட்டி தைக்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மிஷின் மிதித்தாள். முதுகு போனதும் நின்றுகொண்டாள்.

சும்மா இருக்கிற கை அல்ல அது. தம்பி ஆண்டிச்சாமிக்கு மகள் பிறந்தபோது, கம்பெனியில் வாங்கி வைத்திருந்த வெட்டுத்துணியில் ஒரு யானை தைத்தாள். கையாலேயே தைத்து, பஞ்சை அடைத்து, தொட்டிலில் போட்டாள். அதைப் பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று என்றார்கள். நாகமலை புதுக்கோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற நாகலக்ஷ்மி டீச்சர் ஒரே தடவையில் இருபது யானை கேட்டார். விளக்குத்தூண் பக்கம் பொம்மைக்கடை வைத்திருக்கிற ராம்கி மாதாமாதம் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டான். ஐந்தாறு வருஷம் இப்படியே ஓடியது.

நடுவில் ஒன்று நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதலில் யானைக்குக் கண்ணாகச் சட்டைப் பொத்தான் வைத்துத்தான் தைத்தாள். ஒருநாள் டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அந்தப் பொத்தானைக் கடித்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. டீச்சர் விரலை விட்டு எடுத்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தங்கப்பொண்ணுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விற்ற யானைகளையெல்லாம் வீடு வீடாகத் தேடிப்போய்ப் பொத்தானை அறுத்துவிட்டு, கறுப்பு நூலால் கண் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் மூன்று ஊசி எடுப்பாள், சாயங்காலம் மூன்று ஊசியும் டப்பாவுக்குத் திரும்பாமல் ஒரு பொம்மையும் வாசலைத் தாண்டாது. தைத்து முடித்த ஒவ்வொரு யானையையும் தன் கன்னத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பாள். தனக்கு உறுத்தாதது பிள்ளைக்கும் உறுத்தாது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. பிள்ளைகள் விளையாடுகிற சாமான் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், இல்லாமல் விற்கக் கூடாது. ராம்கி பையைத் திருப்பிக் கொடுத்தான்.

"யானை நல்ல யானைதான்க்கா. முத்திரை இல்லையே. வச்சிருந்து மாட்டுனா எங் கடைக்கில்ல பூட்டு."

"அந்த முத்திரைய எங்கப்பா குத்துறாக?"

"நெனச்ச ஒடனே குத்துறதில்லக்கா. சோதனைக் கூடம் வேணும், மிஷின் வேணும், ஆபீசர் வரணும். ஒரு யானைக்கு இம்புட்டுச் சடங்குன்னா அது கோயில் யானையா இருந்தாத்தான் கட்டும்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் முத்திரை குத்திய பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கச்சேரி. சிவபாண்டி ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். ஆண்டிச்சாமி அதற்கு நேர் எதிர்க்கட்சியில் வட்டப் பிரதிநிதி. கட்சிப் பெயரெல்லாம் இங்கே வேண்டாம், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். சட்டம் கொண்டுவந்தவர்களோடு சிவபாண்டியின் கட்சி கூட்டணி. கூட்டணிக்காரனுக்குச் சொந்தக் கட்சிக்காரனைவிட ரோஷம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு மைத்துனன் வந்தால் கறி வேகும் முன்னே இவர்கள் கொதித்துவிடுவார்கள்.

"நல்ல சட்டம் மாப்ள. வெளிநாட்டுல இருந்து விஷச் சாயத்தப் பூசி அனுப்புறான், நம்ம புள்ளைக வாயில வச்சுச் சப்புதுக. நிப்பாட்ட வேணாமா?"

"நிப்பாட்டுங்க மச்சான். எங்க அக்கா யானையில எங்க இருக்கு விஷச் சாயம்? திமிங்கலத்துக்கு வலை போடுறோம்னு சொல்லிட்டு அயிரைய அள்ளிட்டுப் போறீக."

"அயிரையும் மீன்தான மாப்ள."

"அதான பாத்தேன். கொழம்பு வைக்கத்தான் உங்க கூட்டணியே."

"ரெண்டு பேரும் எலும்ப எலையில வைங்க. தரையில போடாதீக" என்றாள் தங்கப்பொண்ணு.

அவளால் எந்தப் பக்கமும் சேர முடியவில்லை. புருஷன் சொல்லும்போது, பிள்ளை வாயிலிருந்து எடுத்த அந்தப் பொத்தான் நினைவுக்கு வரும். சட்டம் தப்பு என்று எப்படிச் சொல்வது? தம்பி சொல்லும்போது, கட்டிலுக்கு அடியில் பையோடு கிடக்கிற யானைகள் நினைவுக்கு வரும். சரி என்றும் எப்படிச் சொல்வது? கட்சிக்காரர்களுக்கு ஒரு பக்கம் இருந்தால் போதும். தைக்கிறவளுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் தெரிய வேண்டியிருக்கிறது.

தம்பி ஒரு யோசனையோடு வந்தான். "திருமங்கலத்துல ஆர்ப்பாட்டம் போடுறோம்க்கா. நீ ஒண்ணும் பேச வேணாம். யானையக் கையில வச்சுக்கிட்டு மேடையில சும்மா நில்லு. முடிஞ்சா லேசாக் கண்ணு கலங்கு."

"கண்ணு கலங்க எனக்கு நேரமில்ல. சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

வழி காட்டியது நாகலக்ஷ்மி டீச்சர்தான். அவரே அந்தச் சட்டத்தை வரி விடாமல் படித்துவிட்டு, அவளை வரச் சொன்னார். "தங்கம், இத யாருமே கடைசி வரைக்கும் படிக்கல. கையால செய்யற கைவினைஞர் பதிவு பண்ணி அட்டை வாங்கிட்டா, அவா தானே செஞ்சு தானே விக்கறதுக்கு முத்திரை வேண்டாம்னு போட்டிருக்கு. நீ அட்டைக்கு எழுதிப் போடு."

இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். வேலை செய்கிற இடத்தைப் பார்க்க அதிகாரி நேரில் வருவார் என்று பதில் வந்தது. வந்த கடிதத்தைத் தங்கப்பொண்ணு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அதைச் சிவபாண்டி எடுத்துப் படித்தான். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அவன் கெடுக்க நினைக்கவில்லை. மதுரைக்காரன், பெண்டாட்டிக்கு நல்லது பண்ண நினைத்தான். நம் ஊரில் ஒருவனுக்கு நல்லது பண்ணுவது என்றால் முதலில் ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். அதிகாரி வரும் நாள் காலையில், அவர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று தங்கப்பொண்ணு பஞ்சு வாங்கத் திருமங்கலம் போயிருந்தாள். திரும்பித் தெருவுக்குள் நுழைந்தபோது தன் வீட்டையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலை மறைத்து, 'தங்கப்பொண்ணு டாய்ஸ் நிறுவனத்துக்கு வருகை தரும் அதிகாரி அவர்களே வருக வருக' என்று பத்தடிக்கு ஃப்ளெக்ஸ். மேலே தலைவர்கள் படம். நடுவில் கும்பிட்டபடி சிவபாண்டி. கீழே மூலையில் ரேஷன் கார்டுப் படம்போல இவள். கூடத்தில் வாடகைக்கு எடுத்த ஆறு தையல் மிஷின். நைட்டி கம்பெனியில் இவளோடு வேலை பார்த்த ஆறு பெண்கள் புதுச்சேலை கட்டிக்கொண்டு கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு நூல்கூடக் கோக்கவில்லை, வெறும் மிஷினை ஓட்டினாள்.

அதிகாரி மாதங்கி ஏற்கனவே வந்துவிட்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் சிவபாண்டி போர்த்திய சால்வையோடு, எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"இங்க எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"இப்போதைக்கு ஆறு மேடம். அடுத்த வருஷம் அறுபதாக்கிருவோம்."

"எல்லாம் மிஷின்லதான் தைக்கிறீங்களா?"

"பூரா மிஷின்தான் மேடம். கைத்தையலெல்லாம் யாரு இப்பப் பாக்குறா."

தங்கப்பொண்ணு வாசலில் பஞ்சு மூட்டையோடு நின்றாள். உள்ளே போய், இதெல்லாம் பொய், எனக்கு மூன்று ஊசியைத் தவிர ஒன்றும் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். தெரு முழுக்கக் கூடியிருந்தது. மாலையும் சால்வையும் வாங்கி வைத்திருக்கிற புருஷனைத் தெரு நடுவில் பொய்யனாக்க அவளுக்கு வாய் வரவில்லை. அதிகாரி எழுதி முடித்துச் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: இது கைவினைஞர் வேலை அல்ல, ஆள் வைத்து நடத்துகிற உற்பத்திக் கூடம், ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கிக்கொள்ளவும்.

"பெருசாக் காட்டுனாத்தான தங்கம் மதிப்பாக" என்றான் சிவபாண்டி. அவன் குரல் பாதியாகிவிட்டிருந்தது.

அவள் நாலு நாள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. கனகலட்சுமி கண்டுபிடித்த பெரிய சண்டை இதுதான். ஐந்தாம் நாள் ஆண்டிச்சாமி ஆட்கள் அவள் வீட்டுச் சுவரிலேயே, 'பாதிக்கப்பட்ட தாய்க்குலத்துக்கு நீதி வழங்கு' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதை வாளித் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அவளே உரித்தாள். உரிக்கிற கோபத்தில் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நான் பாதிக்கப்பட்டவளுன்னு உங்கிட்ட வந்து சொன்னேனாடா?"

"ஊருக்கே தெரியுதுக்கா."

"எனக்குத் தெரியல. பசைக்கு மைதா எம்புட்டு வீணாக்கியிருக்க."

மறுபடி விண்ணப்பம் போட்டாள். இந்த முறை அலுவலகத்திலிருந்து மாதங்கியே போனில் பேசினார். "அம்மா, இன்னும் ஒரு தடவைதான் வந்து பாக்க முடியும். அதுலயும் ஆகலைன்னா உங்க ஃபைல மூடிருவோம். எந்தத் தேதி வசதின்னு சொல்லுங்க."

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். ஜோசியரிடம் போகவில்லை. சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே தெரு நீளம் நடந்தாள். புருஷன் கட்சிக்குத் திருநெல்வேலியில் மாநாடு, இருபத்திரண்டாம் தேதி. தம்பி கட்சிக்கு மதுரையில் ஆர்ப்பாட்டம், அதே இருபத்திரண்டு. அதைவிட நல்ல முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. அந்தத் தேதியைச் சொன்னாள்.

அன்றைக்கு விடியும்போதே எழுந்து புருஷனுக்கு இட்லி கட்டிக் கொடுத்து வேனில் ஏற்றினாள். தம்பிக்குப் போன் போட்டுக் கிளம்பிவிட்டானா என்று விசாரித்தாள். அக்காவுக்குத் திடீரென்று அரசியலில் அக்கறை வந்துவிட்டதே என்று அவனுக்கு அத்தனை சந்தோஷம். பத்து மணிக்கு மாதங்கி வந்தபோது கூடத்தில் ஒரு பாய், ஒரு பை பஞ்சு, ஊசி டப்பா, நடுவில் இவள். ஃப்ளெக்ஸ் போன இடம் தெரியவில்லை என்று பார்த்தால் கொல்லைப்புறத்தில் விறகுக்கு மேலே மழைக்குப் போர்த்தியிருந்தது.

"போன தடவை இருந்த மிஷினெல்லாம் எங்கம்மா?"

"அது வாடகை. வந்தவுகளும் கூலிக்கு வந்தவுக. எம் புருஷன் பெருசாக் காட்டணும்னு பண்ணிப்புட்டாரு. மனசுல கெட்டது இல்ல, மூளையிலதான் கொஞ்சம் கட்சி ஏறிப்போச்சு. நான் ஒருத்திதான். இதுதான் என் கை, நீங்களே பாருங்க."

மாதங்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். தங்கப்பொண்ணு தைத்தாள். காது, தும்பிக்கை, கண். அதிகாரி ஒரு யானையின் கண்ணை நகத்தால் கிள்ளி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு, போதும்மா, எடுத்து வையுங்கள் என்றார். தங்கப்பொண்ணு ஊசிகளை டப்பாவில் செருகினாள். ஒன்று. இரண்டு.

மூன்றாவது ஊசி இல்லை.

பாயை உதறினாள். இல்லை. பஞ்சைப் பிரித்தாள். இல்லை. அன்று காலையிலிருந்து தைத்து முடித்து அதிகாரி முன்னால் வரிசையாக வைத்திருந்தது நாலு யானை. கத்திரிக்கோலை எடுத்து முதல் யானையின் வயிற்றைக் கிழித்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? அது பாக்கறதுக்கு வச்ச சாம்பிள்."

"ஊசி ஒண்ணு கொறையுது."

"அப்புறம் தேடிக்கலாமே. நான் எழுதணும்."

"நீங்க எழுதுறத எழுதுங்க தாயி. ஊசி கெடைக்காம நான் எந்திரிக்க மாட்டேன். நாளைக்கு ஒரு புள்ள இத மொகத்துல வச்சுக்கிட்டுத் தூங்கும்."

அவளுக்கும் தெரியாமல் இல்லை. இவர் எழுதப்போகிற ஒரு வரியில்தான் தன் பிழைப்பு இருக்கிறது, அவர் எதிரிலேயே தன் வேலையைத் தானே குதறுகிறோம் என்று தெரியும். கை நிற்கவில்லை. இரண்டாவது யானை, மூன்றாவது, நாலாவது. கூடம் முழுக்கப் பஞ்சு. அவள் நெற்றியில் வியர்வை. அதிகாரியும் பேனாவை வைத்துவிட்டுப் பஞ்சைத் தடவித் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் அவர்தான் பார்த்தார்.

"அம்மா, அசையாதீங்க. உங்க முந்தானை."

முந்தானை ஓரத்தில் நூல் வாலோடு ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. தங்கப்பொண்ணு அதை எடுத்து டப்பாவில் செருகி, மூன்று என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி மேடைக்காகக் கேட்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. மாதங்கி பேனாவை எடுத்துக்கொண்டார். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்தும் காட்டினார்: தனி ஆள், முழுக்கக் கைத்தையல், வேலையில் மிகுந்த கவனம்.

"அட்டை தபால்ல வரும்மா. ஆனா இத ஞாபகம் வச்சுக்குங்க. நீங்களே செய்யணும், நீங்களே விக்கணும். ஆளச் சேத்துக் கம்பெனியாக்குனா மறுபடி முத்திரை கேப்பாங்க."

தலையில் பஞ்சோடுதான் மாதங்கி ஸ்கூட்டரில் ஏறினார். அதைப் பார்த்துத்தான் உள்ளே ஏதோ அடிதடி, வீட்டுக்குச் சீல் என்று அந்த மூன்றாவது புண்ணியவதி கட்டிவிட்டிருக்க வேண்டும்.

அட்டை வந்தது. அவள் பெயரும் படமும், கீழே தொழிலும். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள், பல மாதத்துக்குப் பிறகு. காலையில் எழுந்தால் சிவபாண்டி செல்போனைக் காட்டினான். ஃப்ளெக்ஸ் மாதிரி. 'தாய்க்குலத்துக்கு அட்டை வழங்கிய எங்கள் கூட்டணிக்கு நன்றி.' அரைமணி நேரத்தில் ஆண்டிச்சாமி தன் செல்போனோடு வந்தான். 'எங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி.' இரண்டிலும் ஒரே படம், அவள் கையில் அட்டை.

"சட்டத்துலயே விலக்கு இருந்துச்சு மாப்ள. நாங்க போட்ட சட்டம்."

"நாங்க கத்துனதாலதான மச்சான் அது வேல செஞ்சுச்சு."

"நல்லா இருக்கு. எழுதிப் போட்டது டீச்சரு, தச்சது நானு. உங்க ரெண்டு பேருக்கும் எங்க வலிச்சுச்சு?" என்றாள் தங்கப்பொண்ணு. "எம் மூஞ்சி எந்த ஃப்ளெக்ஸ்லயும் வரக் கூடாது. வந்தா கொல்லையில வெறகுக்கு இன்னும் ரெண்டு போர்வ ஆச்சு."

சிரித்தார்கள். ஆனால் அவளுக்கு மனசு தெளிந்துவிட்டது. இந்த வீட்டுக்குள் வைத்துத் தைத்தால் இவர்களில் ஒருவர் பிரியத்திலேயே மறுபடி ஆறு மிஷினை இறக்கிவிடுவார்கள். தானே விற்க வேண்டும் என்றால் இந்தச் சந்துக்குள் யார் வந்து வாங்குவார்கள்? நாகலக்ஷ்மி டீச்சரின் பள்ளிக்கூடத்தில் ரோட்டைப் பார்த்த முன்னறை ஒன்று காலியாகக் கிடந்தது. பிள்ளைகளை விட வருகிற அம்மாக்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைக் கேட்டாள். டீச்சர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, தகரப்பெட்டியில் பஞ்சும் துணியும் யானைகளும் ஊசி டப்பாவும் வைத்துப் பூட்டினாள். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவபாண்டி வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான்.

"வண்டியில கொண்டுபோய் விடவா தங்கம்?"

"வண்டியில கொடி பறக்குது. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

அவன் கொடியைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். "எப்ப வருவ?"

"ஆறு மணிக்கு. மதியத்துக்குச் சாம்பாரு வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க. காப்பித்தூள் தீந்துபோச்சு, வாங்கி வைங்க."

"சரி" என்றான் வாயில் நுரையோடு.

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. தங்கப்பொண்ணு பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். அவள் கழுத்து வளையவில்லை. பஞ்சுக்கு என்ன கனம் இருக்கும்.